பந்தயப் படகிலிருந்து டான்யூப் நதிக்கு: பஸாவ் முதல் வியன்னா வரை துடுப்பு வலிக்கப் போகிறவர்களுக்கு

2,000 மீட்டர் பந்தயத்தில் துடுப்பு வலித்தவருக்கு உடம்பு தயாராக இருக்கும். ஆனால் அவர் பழகிய நீர் அசையாத நீர். தடம் கயிறு கட்டிப் பிரித்திருக்கும், எதிரே கப்பல் வராது, முடிவுக் கோடு இருந்த இடத்திலேயே இருக்கும். நதியில் இவை எதுவும் இல்லை. டான்யூபில் ஒரு வாரம் வலிக்க வருகிற பழைய போட்டியாளர்கள் பெரும்பாலும் மூச்சு வாங்கித் தடுமாறுவதில்லை. கரை அணையும்போதும், மிதவையைக் கடக்கும்போதும், மூன்றாம் நாள் மணிக்கட்டிலும்தான் தடுமாறுகிறார்கள். அடையாற்றிலோ கொழும்பு பெய்ரா ஏரியிலோ பழகியவருக்கும் ஐரோப்பாவின் பந்தயத் தடங்களில் பழகியவருக்கும் இந்த வழிகாட்டி ஒன்றுபோலவே பொருந்தும்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இதற்கு வாண்டர்ரூடர்ன் என்று பெயர். துடுப்பு வலித்தபடியே ஊர் ஊராகப் போவது. பஸாவிலிருந்து வியன்னா வரையான டான்யூப் இதற்கு மிகவும் பேர்போன வழிகளில் ஒன்று. டான்யூபின் கிலோமீட்டர் கணக்கு கடலிலிருந்து மேல்நோக்கி எண்ணப்படுகிறது. கருங்கடல் முகத்துவாரத்தில் சூலினா பூஜ்யம், பஸாவ் 2226, வியன்னாவின் ரைஷ்ஸ்ப்ருக்க பாலம் 1929. இடையில் 297 கிலோமீட்டரும் ஒன்பது அணைகளும் இருக்கின்றன. கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகைகளில் எண் குறைந்துகொண்டே வரும். வரைபடம், தங்குமிடம், அவசர அழைப்பு எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கும். எந்நேரமும் நாம் எந்த எண்ணில் இருக்கிறோம் என்பது படகில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இடம் கேட்பது

துடுப்புக் கழகங்கள் தங்கள் கோடைப் பயணங்களைக் குளிர்காலத்திலேயே திட்டமிட்டுவிடும். வெளியாருக்கு ஒன்றிரண்டு இருக்கை மிஞ்சும். இடம் கேட்டு எழுதும்போது பதக்கப் பட்டியல் வேண்டாம். அவர்களுக்குத் தேவையானவை வேறு: உயரம், எடை, கடைசியாகப் படகில் ஏறிய ஆண்டு, ஆளுக்கு இரட்டைத் துடுப்பா ஒற்றைத் துடுப்பா, சுக்கான் பிடித்த அனுபவம் உண்டா, உடையோடு கால் மணி நேரம் நீந்த முடியுமா. சுக்கான் பிடித்ததில்லை என்றால் அப்படியே எழுதுங்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு ஓடும் ஆற்றில் கற்றுக்கொள்வது ஐந்து பேர் உயிரோடு விளையாடுவது.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்குக் கேட்கப்படும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டில் படகு விளையாட்டும் மீட்புச் செலவும் அடங்கியிருக்கின்றனவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பலவற்றில் இவை இருக்காது.

மாதம் என்றால் செப்டம்பர்தான் எங்கள் தேர்வு. மே, ஜூனில் ஆல்ப்ஸ் பனி உருகி இன் ஆறு பெருக்கெடுத்து வரும். பஸாவில் டான்யூபோடு கலக்கும்போது இன்னில்தான் பல மாதங்கள் அதிகத் தண்ணீர் இருக்கும், அதுவும் குளிர்ந்த, சாம்பல் பச்சை நீர். நீர்மட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். செப்டம்பரில் நீர் தணிந்து, வானமும் ஓரளவு நிலையாக இருக்கும்.

படகு

வழக்கமாகக் கிடைப்பது கிக் வகையைச் சேர்ந்த, சுக்கான் பிடிப்பவரோடு ஐந்து பேர் போகும் இரட்டைத் துடுப்புப் படகு. நீளம் 11 மீட்டருக்குள் இருக்கும். பந்தய நால்வர் படகின் குறைந்தபட்ச எடை 52 கிலோ. இது அதைவிட வெகு கனம், அகலமும் அதிகம். சமநிலை பற்றிக் கவலை வேண்டாம், உட்கார்ந்துகொண்டே சட்டை மாற்றலாம். ஆனால் கனத்தை நகர்த்த நேரமாகும், நிறுத்தவும் நேரமாகும்.

ஒற்றைத் துடுப்பில் மட்டுமே போட்டியிட்டவர்கள் புறப்படுமுன் இரட்டைத் துடுப்பில் குறைந்தது பத்து தடவையாவது ஏறுங்கள். கைகள் குறுக்கே கடக்கும் இடத்தில் எந்தக் கை மேலே போக வேண்டும் என்பது படகைப் பூட்டிய விதத்தைப் பொறுத்தது. ஒரு பக்கத்தில் துடுப்பைத் தாங்கும் கொண்டி மற்றதைவிட ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருக்கும். அந்தப் பக்கத்துக் கைதான் மேலே. ஏறுமுன் கேளுங்கள், இல்லாவிட்டால் முதல் மணி நேரத்திலேயே விரல் முட்டிகளில் தோல் உரிந்துவிடும்.

கொண்டியின் உயரத்தைப் பந்தய அளவிலேயே விடக் கூடாது. சாமான் ஏற்றிய படகு கீழே அமரும், கூடவே அலையும் இருக்கும். இருக்கையிலிருந்து 16–18 செ.மீ. வைத்துப் பழகியவர்கள் 18–20 செ.மீ.க்கு ஏற்றுங்கள். துடுப்பின் பாரத்தையும் குறையுங்கள். துடுப்பின் கழுத்து வளையத்தில் ஒரு சென்டிமீட்டர் கிளிப் மாட்டி உள்நீளத்தை, அதாவது கைப்பிடியிலிருந்து கொண்டி வரையான நீளத்தை, கூட்டினாலே வித்தியாசம் தெரியும். பந்தயத்தில் பாரமான துடுப்பு ஏழு நிமிடம் தாங்கினால் போதும். இங்கே ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை அதை இழுக்கப் போகிறீர்கள்.

கால் பலகையில் காலணி பொருத்தியிருக்காது, வார் மட்டும் இருக்கும். மெல்லிய அடி கொண்ட, குறுகிய, நனைந்தால் சீக்கிரம் காயும் காலணி எடுத்துவாருங்கள். தடித்த அடியுள்ள ஓட்டக் காலணி வாருக்குள் சிக்கிக்கொள்ளும். படகு கவிழ்ந்தால் கால் வெளியே வராது.

எட்டு வாரத் தயாரிப்பு

வேகப் பயிற்சி வேண்டாம். வாரம் மூன்று தடவை, நிமிடத்துக்கு 18 வலிப்பு, பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியத்தில் பேச முடிகிற அளவு முயற்சி. இரண்டு தடவை 50 நிமிடம், ஒரு தடவை நீளமாக. முதல் வாரம் அந்த நீளமான அமர்வு 60 நிமிடம், ஆறாம் வாரம் 60 நிமிடம் வலித்து 10 நிமிடம் ஓய்ந்து மறுபடி 60 நிமிடம். ஏழாம் வாரத்தில் அதையே சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த இரண்டு நாளும் செய்து பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் இடுப்பு என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியமான தகவல். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இதயமும் நுரையீரலும் பழைய கணக்கை நினைவில் வைத்திருக்கும். தசைநாண்களும் தோலும் வைத்திருக்காது. பழைய போட்டியாளர்களுக்கு ஏற்படும் பெரும்பாலான காயங்களின் வேர் இதுதான். மூச்சு சொல்கிற அளவுக்கு இழுப்பார்கள், தசைநாண் தாங்கும் அளவு அதைவிடக் குறைவு.

குறிப்பாக மணிக்கட்டு. முன்கையின் மேற்புறம், மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலே, தசைநாண் உறை வீங்கி, கையை அசைத்தால் பனிமேல் நடப்பதுபோல நறநறவென்று உணரும் வலி. வந்துவிட்டால் பயணம் முடிந்தது, ஓய்வுதான் முதல் மருந்து. காரணம் இறுக்கிப் பிடிப்பதுதான். அலையிலும் குளிரிலும் கை தானாக இறுகும், கூடவே துடுப்பைத் திருப்ப மணிக்கட்டை மடக்குவோம். உடற்பயிற்சிக் கூடத்து வலிப்புக் கருவியில் கைப்பிடியைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் அதில் மட்டும் பழகியவர்களுக்கு இந்த வேலை புதிது. கட்டை விரலைக் கைப்பிடி நுனியில் வைத்து, விரல்களால் உருட்டித் திருப்புங்கள். முன்னால் போகும்போது ஒவ்வொரு தடவையும் விரல்களைத் தளர்த்துங்கள். அலையில்லாத நீர்ப்பரப்பில் பாதித் திருப்பம் போதும். நறநறப்பு தொடங்கிய அன்றே சுக்கானுக்கு மாறிவிடுங்கள். 'இன்னும் பத்து கிலோமீட்டர்தானே' என்பது பந்தயக்காரர் புத்தி, அந்தப் பத்து கிலோமீட்டரில்தான் மிச்ச ஐந்து நாளும் போய்விடும்.

கையுறை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உள்ளே தோல் நழுவி இன்னும் பெரிய கொப்புளம் வரும். முதல் நாளே சூடு உணரும் இடத்தில், கொப்புளமாகும் முன்பே, துணிப் பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

ஏன் வேகமாக வலிக்கக் கூடாது

சாமானோடு நிமிடத்துக்கு 18–20 வலிப்பில் நல்ல குழு நீரோடு ஒப்பிட்டால் மணிக்கு 8.5 கி.மீ. போகும். தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப்பெருக்கமாகக் கூடும் என்பதால், வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட 33 சதவீதம் அதிகம் உழைக்க வேண்டும். நதி மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஓடும் இடத்தில் 50 கி.மீ. போவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் 3 மணி 27 நிமிடம், இரண்டாவதில் 3 மணி 15 நிமிடம். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைத்துச் சம்பாதித்தது வெறும் 12 நிமிடம். அணையில் கப்பல்களை ஏற்றி இறக்கும் ஒரே ஒரு நீர்ப்பூட்டில் கப்பலுக்காகக் காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

அதனால் குழுவுக்குத் தாளம் கொடுக்கும் முன்னோடும் இருக்கையில் உட்கார்ந்தால் குழுவில் மிக மெதுவானவரின் தாளத்தைப் பிடியுங்கள். நீளமாக, நிதானமாக, கடைசியில் துடுப்பைச் சுத்தமாக வெளியே எடுத்து. மணிக்கொருமுறை அல்லது பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை சுக்கானை மாற்றுங்கள். மாறும் இடம் அமைதியான நீராக, கப்பல் கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும். அவரவர் கால் பலகை எண்ணைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டால் மாறுவது ஒரு நிமிட வேலை.

கட்டளைகள்

வழக்கமாகக் கட்டளை ஜெர்மன் மொழியில்தான் வரும். இந்த நாலும் தூக்கத்தில் கேட்டாலும் கை செய்ய வேண்டும். 'ஆலஸ் ஃபோர்வேர்ட்ஸ், லோஸ்!' என்றால் எல்லோரும் முன்னோக்கி வலி. 'ரூடர், ஹால்ட்!' என்றால் வலிப்பதை நிறுத்து. 'ஷ்டொப்பன், ஷ்டொப்!' என்றால் துடுப்பை நீரில் செங்குத்தாகப் பிடித்துப் படகை நிறுத்து. 'ரூக்வேர்ட்ஸ், லோஸ்!' என்றால் பின்னோக்கித் தள்ளு. பக்கத்தைக் குறிக்க பாக்போர்ட், ஷ்டாயர்போர்ட். பாக்போர்ட் என்பது படகு போகும் திசைக்கு இடப்பக்கம். பின்னோக்கி உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது வலக்கைத் துடுப்பு. கொண்டியில் சிவப்பு என்றால் பாக்போர்ட், பச்சை என்றால் ஷ்டாயர்போர்ட்.

ஆற்றைப் படிப்பது

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ஆற்றோடு கீழே போகையில் கப்பல் தடத்தின் வலப்பக்கத்தில் சிவப்பு உருளை மிதவைகள், இடப்பக்கத்தில் பச்சைக் கூம்பு மிதவைகள் இருக்கும். படகின் கொண்டி நிறத்துக்கு இது நேர் எதிர் என்பதைக் கவனியுங்கள், உங்கள் பச்சைப் பக்கத்தில்தான் சிவப்பு மிதவை வரும். புதிதாகச் சுக்கான் பிடிப்பவர் களைத்துப்போன பிற்பகலில் குழம்புவது இங்கேதான்.

மிதவை என்றால் கரையோரம் மிதக்கும் பிளாஸ்டிக் பந்து அல்ல. சங்கிலியில் கட்டிய இரும்பு. ஓட்டத்தில் சாய்ந்து நிற்கும், பின்னால் நீர் ஆங்கில வி எழுத்துபோலப் பிளந்து ஓடும். குறுக்காகப் போய் அதில் மாட்டினால் நீரின் பாரம் படகை மிதவையைச் சுற்றி வளைத்து ஒடித்துவிடும். கட்டி நிற்கும் கப்பல், மிதக்கும் படித்துறை, பாலத் தூண் எல்லாவற்றுக்கும் இதுவே. நங்கூரமிட்ட கப்பலின் முன்பக்கத்தில் நீர் அடியே புகுந்து ஓடும், மனிதரையும் இழுத்துக்கொண்டு போகும். அதன் மேல்புறமாக ஆற்றைக் குறுக்கே கடக்கவே கூடாது, கீழ்ப்புறம் போய்க் கடக்க வேண்டும்.

மோதப்போகிறோமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. தூணையோ மிதவையையோ அதற்குப் பின்னால் தொலைவில் தெரியும் மரத்தோடு சேர்த்துப் பாருங்கள். தூண் மரத்தை விட்டு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தால் தப்பித்தீர்கள். நகராமல் நின்று பெரிதாகிக்கொண்டே வந்தால் அதில்தான் மோதப் போகிறீர்கள், படகின் மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி. உடனே கோணத்தை மாற்றி வலியுங்கள். 'ஹால்ட்' சொல்வது தவறு. வலிப்பு நின்றால் சுக்கானுக்குப் பிடிமானம் இல்லை, படகு ஆற்றின் கையில் போய்விடும். எல்லாம் கைமீறி மோதல் உறுதியென்றால், மோதும் பொருளின் பக்கமாக எல்லோரும் சாயுங்கள். விலகிச் சாய்ந்தால் மேல்நீர் படகுக்குள் ஏறி நொடியில் கவிழ்க்கும். உடம்பு விலகத்தான் சொல்லும், அதனால் இதைக் கரையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் குறைந்த நாட்களில் கரையிலிருந்து ஆற்றுக்குள் நீளும் கல்வரிசைகள் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒளிந்திருக்கும். வழுவழுப்பான ஒரு மேடு, அதன் கீழே நெளிநெளியான அலை. இது தெரிந்தால் அங்கே கல் இருக்கிறது. சாமான் ஏற்றிய படகுக்கு அரை மீட்டர் ஆழமாவது வேண்டும்.

சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் நான்கு உடம்புகள் மறைக்கும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், இருப்பவர் ஐந்தாறு வலிப்புக்கு ஒருமுறை தோள் மேலாகத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். பந்தயத்தில் திரும்பிப் பார்த்தால் பயிற்சியாளர் திட்டுவார். இங்கே பார்க்காவிட்டால்தான் குற்றம்.

கப்பல்கள்

சிறு படகுதான் விலக வேண்டும், சட்டமும் அதுதான். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிய சரக்குத் தொடர் ஒன்று 200 மீட்டர் நீளம் வரும். அதன் முகப்புக்கு முன்னால் சில நூறு மீட்டர் மாலுமியின் கண்ணுக்கே தெரியாது. நிற்கச் சொன்னாலும் உடனே நிற்காது.

எதிரே மேல்நோக்கி வரும் கப்பலின் மாலுமி அறையருகே நீலப் பலகையும் நடுவில் மினுக்கும் வெள்ளை விளக்கும் தெரிந்தால், வலப்பக்கமும் வலப்பக்கமுமாகக் கடக்கக் கேட்கிறது என்று பொருள். அதாவது அது ஆற்றின் வலக்கரையை ஒட்டி வரும், நீங்கள் இடக்கரைப் பக்கம் போங்கள். பலகை இல்லாவிட்டால் வழக்கம்போல இடமும் இடமும், நீங்கள் வலக்கரைப் பக்கம். முடிவெடுத்துவிட்டால் சீக்கிரமாகவும் தெளிவாகவும் விலகுங்கள், கப்பல்காரருக்கு உங்கள் எண்ணம் தூரத்திலேயே தெரிய வேண்டும். ஒலியில் ஒரு குறுகிய ஊதல் என்றால் அது தன் வலப்பக்கம் திரும்புகிறது, இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் பின்னால் நகர்கிறது, நாலு என்றால் அதனால் திரும்ப முடியவில்லை. மிகக் குறுகிய ஊதல்கள் தொடர்ச்சியாக வந்தால் மோதும் ஆபத்து, பெரும்பாலும் உங்களைத்தான் சொல்கிறது.

கடந்த பிறகு வரும் அலைக்கு மூக்கைக் காட்டாதீர்கள். கடல் வள்ளத்துக்கு அது சரி. 11 மீட்டர் நீளமுள்ள ஒல்லியான படகு இரண்டு அலை முகடுகளுக்கு இடையில் பாலம்போல நின்று நடுவில் நீரை வாரிக்கொள்ளும். வலிப்பதை நிறுத்தி, படகை அலைக்கு இணையாகத் திருப்பி, துடுப்புகளை நீர்மேல் தட்டையாகக் கிடத்தி, அலை வரும் பக்கத்தை லேசாகத் தூக்கிக்கொள்ளுங்கள். படகு தொட்டில்போல ஏறி இறங்கும், உள்ளே சொட்டுக்கூட வராது.

கரையில் இழுத்து நிறுத்திய படகுக்கும் அலை எமன். பெரிய கப்பல் வரும்போது முதலில் கரையோர நீர் உள்வாங்கும், பிறகு மொத்தமாகத் திரும்பி வரும். பாதி நீரில், பாதிக் கூழாங்கல்லில் கிடக்கும் படகைத் தூக்கிக் கல்லில் அறையும். சாப்பிட உட்காருமுன் படகை முழுவதுமாக மேலே தூக்கி வையுங்கள், ஐந்து பேருக்கும் பசித்தாலும்.

கரை அணைதல்

எப்போதும் மூக்கு ஓட்டத்துக்கு எதிராக. விதிவிலக்கே இல்லை. ஓட்டத்தோடு போய்க் கரையைத் தொட்டால் முன்பகுதி நிற்கும், பின்பகுதியை ஆறு இழுத்துச் சுழற்றும், அணியம் உடையும்.

மெல்க்குக்குக் கீழே அணையில்லாத வாஹாவ் பகுதியில் ஓட்டம் மணிக்கு 7 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர். நீளமான படகை முழுவதும் திருப்ப 40 முதல் 60 நொடி ஆகும். அதற்குள் 80–120 மீட்டர் கீழே போயிருப்பீர்கள். எனவே இறங்கும் இடத்துக்கு 100–150 மீட்டர் மேலேயே திரும்பத் தொடங்குங்கள். ஒரு பக்கம் முன்னோக்கி, மறுபக்கம் பின்னோக்கி மாறி மாறி. திரும்பியதும் நிமிர்ந்து பாருங்கள், பெரும்பாலும் சற்றுக் கீழேதான் இருப்பீர்கள். அதுவே நல்லது. இலேசாக மேல்நோக்கி வலித்தபடி 20–30 பாகைக் கோணத்தில் கரையை நெருங்கினால் படகு நின்றாற்போல, நம் பேச்சைக் கேட்டபடி, பக்கவாட்டில் நகரும். கோணம் அதிகமானால் ஓட்டம் மூக்கைப் பிடித்து மறுபடி கீழ்நோக்கித் திருப்பிவிடும். அப்படியானால் போராடாமல் நடு ஆற்றுக்குப் போய், திரும்பவும் தொடங்குங்கள்.

கரைப்பக்கத் துடுப்புகளைக் கடைசி நொடியில்தான் எடுக்க வேண்டும். முதலில் இறங்குபவர் அணியக் கயிற்றோடு இறங்கி முதலில் அதைக் கட்டுவார். பின்கயிறு இரண்டாவதுதான். வரிசை மாறினால் படகு கரையிலேயே சுழன்றுவிடும். முதல் நாள் காலையில், சாமான் ஏற்றுமுன், இதை நாலு தடவை பழகுங்கள். ஒவ்வொருவரும் ஒருமுறை சுக்கானில்.

நீர்ப்பூட்டுகள்

யோஹன்ஷ்டைன், ஆஷாக், ஓட்டென்ஸ்ஹைம், அப்விண்டன்-ஆஸ்டன், வால்ஸே, இப்ஸ்-பெர்சன்போய்க், மெல்க், ஆல்டன்வொர்த், கிரைஃபன்ஷ்டைன். ஒன்பது நீர்மின் அணைகள், ஒவ்வொன்றிலும் 230 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் கொண்ட பெட்டிகள். பெரும்பாலும் சரக்குக் கப்பலுக்குப் பின்னால் உங்களை உள்ளே விடுவார்கள். அணையை நெருங்கும் முன்பே தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்கு என்றால் இயங்கவில்லை, ஒரு சிவப்பு என்றால் நில், சிவப்பும் பச்சையும் என்றால் தயாராகிறது, பச்சை என்றால் நுழை. அணையின் நீர்விழும் பக்கமும் மின்நிலையப் பக்கமும் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

உள்ளே கப்பலின் சுழலி கிளப்பிய நீர் அடங்கும்வரை காத்திருந்து நுழையுங்கள். சுவரோரத் துடுப்புகளை உள்ளே இழுத்து நீளவாக்கில் படுக்க வையுங்கள். மேல்வாசல் பக்கம் ஒதுங்காதீர்கள், நீர் இறங்கும்போது அங்கே அடித்தளப் படி வெளியே நீட்டிக்கொண்டு வரும், பின்பகுதி அதில் உட்கார்ந்துவிடும். சுவரிலுள்ள கம்பத்தைச் சுற்றிக் கயிற்றைப் போட்டு இரண்டு முனையையும் கையில் பிடியுங்கள். கட்டவே கூடாது. ஆஷாக்கில் சுமார் 15 மீட்டர் கீழே இறங்குகிறது, கட்டிய படகு சுவரில் தொங்கும். கயிறு பிடிப்பவர் மடியில் ஒரு கத்தி இருக்கட்டும். உயிர்காப்பு உடுப்பை நுழையுமுன் எல்லோரும் போட்டிருக்க வேண்டும். பல அணைகளில் கைவண்டியில் படகை ஏற்றி நடந்தே கடத்தும் வசதி உண்டு. கப்பலுக்கு ஒரு மணி நேரம் காத்திருப்பதைவிட அது விரைவாக முடியலாம்.

வழி

எட்டு நாளாகப் பிரித்தால் முதுகு நன்றி சொல்லும்: ஷ்லோகன் (2187), ஓட்டென்ஸ்ஹைம் (2144), மவுத்ஹவுசன் (2112), கிரைன் (2079), மெல்க் (2036), கிரெம்ஸ் (2002), டூல்ன் (1963), பிறகு வியன்னா.

ஷ்லோகனில் ஆறு வந்த வழியே திரும்பிப் போவதுபோல மலையைச் சுற்றி வளைகிறது. வளைவுக்கு அப்பால் வருவது தெரியாது, வளைவில் கரையோரமாகப் போங்கள். ஓட்டென்ஸ்ஹைமில் அணைக்குப் பக்கத்துப் பழைய கிளையில்தான் 2019 உலகத் துடுப்புப் போட்டி நடந்த 2,000 மீட்டர் தடம். அசையாத நீர் ஒருபுறம், ஓடும் ஆறு மறுபுறம். பழைய போட்டியாளர்கள் அரை நாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம். கிரைனுக்குக் கீழே ஷ்ட்ரூடன்காவ் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் படகோட்டிகள் நடுங்கிய நீர்ச்சுழி இருந்தது. 1959இல் முடிந்த இப்ஸ் அணையின் தேக்கநீர் அதை மூழ்கடித்துவிட்டது.

அணைகளுக்கு மேலுள்ள தேக்கங்களில் ஓட்டம் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே கிழக்குக் காற்று எதிரே அடித்தால் அன்றைய நேரக் கணக்கில் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையிலுள்ள வாஹாவ் இந்தப் பயணத்தின் நெஞ்சு. அணையில்லாத ஆறு, திராட்சை அடுக்குகள், 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். 34 கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம், அதனாலேயே முடிக்காதீர்கள். காலையில் ஷ்பிட்ஸில் இறங்குங்கள், மதியம் ரிச்சர்ட் மன்னர் சிறையிருந்த டியூர்ன்ஷ்டைன் கோட்டைக்கு ஏறுங்கள். ஷ்பிட்ஸ், வைசன்கிர்ஷன் ஊர்களில் தலைக்கு மேலே கட்டிய கம்பியில் தொங்கியபடி, ஓட்டத்தின் விசையாலேயே குறுக்கே போகும் இயந்திரமில்லாப் படகுகள் உண்டு. அந்தப் படகு நடு ஆற்றில் இருக்கும்போது அதன் மேல்புறம் நெருங்காதீர்கள். அது கரை சேரும்வரை மூக்கை மேல்நோக்கித் திருப்பிக் காத்திருங்கள்.

பையும் பழுதும்

ஆளுக்கு 20–25 லிட்டர் நீர்புகாப் பை ஒன்று. படகின் நடுவே, தாழ்வாக, கட்டி வையுங்கள். கட்டியிருந்தால் படகு நிறைந்தாலும் அவை மிதவையாக உதவும். நாளுக்கு மூன்று லிட்டர் குடிநீர், தொப்பி, மழையாடை, ஒரு முழு மாற்றுடை தனிப் பையில். படகுக்கு: 10, 13 மி.மீ. திருகுச் சாவிகள் தலா இரண்டு, உபரிக் கொண்டியும் அதன் மரையும், இருக்கைச் சக்கரம் ஒரு ஜோடி, சுக்கான் கயிறு, அகலமான நீர்புகா ஒட்டுநாடா, 15 மீட்டர் கயிறு இரண்டு, நீர் இறைக்கும் குவளையும் பஞ்சும், முனையில் கொக்கி வைத்த கைத்துடுப்பு. ஒட்டுநாடா ஈரத்தில் பிடிக்காது, அதனால் துடைக்கக் காய்ந்த துணியொன்றும்.

இடி கேட்டால் அந்த இடத்திலேயே கரை. கடைசி முழக்கத்துக்குப் பின் அரை மணி நேரம் காத்திருந்து கிளம்புங்கள்.

வியன்னாவில் எங்கே இறங்குவது என்பதைக் கிளம்புமுன்பே முடிவு செய்துவிடுங்கள். நகரத்துத் துடுப்புக் கழகங்கள் பல பழைய டான்யூப் என்னும் கிளையில் இருக்கின்றன, பிரதான ஆற்றிலிருந்து படகில் அங்கே போக முடியாது. நகரத்துக்கு மேலே 1935ஆம் கிலோமீட்டரில் வலக்கரையில் குஹெலாவ் துறைமுகம் வருகிறது. வாய் குறுகல், ஓட்டம் கடந்து போய்விடும். அரை கிலோமீட்டருக்கு முன்பே வலக்கரையை ஒட்டிவிடுங்கள். தவறவிட்டால் பயணக் கப்பல்கள் வரிசையாகக் கட்டிய கரையும் நகரப் பாலங்களும்தான் அடுத்து. படகைத் தூக்கிக் கழுவி, இருக்கைத் தண்டவாளத்து மணலைத் துடைத்து, எல்லா மரைகளையும் கையால் ஒருமுறை தொட்டுப் பார்த்த பிறகே வண்டியில் ஏற்றுங்கள். எட்டு நாள் அதிர்வில் தளர்ந்தது எது என்று அடுத்த குழுவுக்கு எழுதி வையுங்கள்.